இரண்டு நாள் நடைதூரம்

எனக்குச் சொந்த ஊர் கிடையாது என்று சொன்னால் சர்க்கார் ஆட்களுக்குக் கோபம் வருகிறது. பிறந்த ஊரைச் சொல் என்கிறார்கள். சொன்னால், அங்கே இப்போது யார் இருக்கிறார்கள் என்கிறார்கள். யாரும் இல்லை என்றால் வீடு எங்கே என்கிறார்கள். வீடும் இல்லை என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பக்கத்தில் ஆண்பிள்ளை யாராவது நிற்கிறாரா என்று தேடுகிறார்கள்.

நான் ஏழெட்டு வருஷமாக ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறவள். ஒரு கை மெஷின், ஒரு தகரப் பெட்டி, ஒரு கூஜா. ஓர் ஊரில் ஒரு மாதம் இருப்பேன். பெண்கள் கெட்டிக்காரிகளாக இருந்துவிட்டால் அதற்கும் முன்பே கிளம்பிவிடுவேன். புருஷன் போன பிறகு அண்ணன் வீட்டு அடுப்பங்கரையில் கிடப்பதைவிட ரயில் பெட்டியில் கிடக்கலாம் என்று ஏறினேன். இன்னும் இறங்கவில்லை.

இதையே ஓர் ஆண் செய்தால் பெயர் வேறு. காவி கட்டினால் சுவாமிகள். மூட்டை தூக்கினால் வியாபாரி. கப்பல் ஏறினால் சபராளி. தூரதேசம் போய்ச் சம்பாதிக்கிறவரைக் கடற்கரை முஸ்லிம்கள் மரியாதையாக அப்படித்தான் சொல்வார்கள். பெண்பிள்ளை சுற்றினால் அதற்கு ஒரே பெயர்தான் உண்டு. அதை அச்சில் போடமாட்டார்கள்.

காரைக்கால் இந்தியாவோடு சேர்வதற்கு முந்தைய வருஷம் அங்கே போனேன். கப்பல் ஏறாமலே ஒரு பிரெஞ்சு ஊரைப் பார்த்துவிடலாம் என்ற ஆசை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கையில் ஒரு பொட்டலம் இருந்தது. கொடுத்தவர் இபுராகிம் மரைக்காயர். அத்தர், பொத்தான், லேஸ் எல்லாம் ஒரு மூட்டையில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்கிறவர். இரண்டு வருஷமாகத் திருவாரூரிலும் புதுக்கோட்டையிலும் கும்பகோணத்திலுமாக அடிக்கடி எதிர்ப்படுவார். நானும் அவரிடம்தான் லேஸ் வாங்குவேன். சைகோனில் பல வருஷம் கடை வைத்திருந்தவர் என்பதால் அவர் பேச்சில் கடல் காற்று அடிக்கும். என்னிடம் வீடு எங்கே என்று ஒருநாளும் கேட்காத மனிதர். அந்த ஒன்றுக்காகவே அவர்மேல் எனக்கு மதிப்பு.

காரைக்கால் போகிறேன் என்றதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. மறுநாள் ஒரு பட்டுத்துணியும் அத்தர்ப் புட்டியுமாகப் பொட்டலம் கட்டி வந்தார். மகள் மைமூனுக்கு என்றார். கொடுத்துவிட்டு உடனே வந்துவிடுங்கள், பேச்சு வளர்க்க வேண்டாம் என்றார். பேச்சை வளர்க்காமல் நான் எந்த வீட்டிலிருந்து கிளம்பியிருக்கிறேன்?

பேரளத்தில் வண்டி மாறினேன். எல்லைக்கு முந்தைய ஸ்டேஷனில் ரயிலை நிறுத்திவைத்துச் சோதனை போட்டார்கள். அரிசி கடத்துகிறேனா என்று கூஜாவுக்குள் கைவிட்டுப் பார்த்தார் ஒருவர். கூஜாவில் காப்பி இருந்தது. அவர் கை கழுவ நான்தான் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது.

அடுத்து மெஷினிடம் வந்தார்கள். போகும்போது இது இந்திய மெஷின், திரும்பும்போது பிரெஞ்சு எல்லையிலிருந்து வருகிற மெஷின், ஆகவே தீர்வை கட்ட வேண்டும் என்றார் சுங்க அதிகாரி. அப்படியானால் திரும்பி வரும்போது நானும் பிரெஞ்சுக்காரியா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. மெஷினில் இருக்கும் கீறல்களையெல்லாம் அடையாளமாக எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு சீட்டுக் கொடுத்தார். பொட்டலத்தைப் பிரித்து, காரைக்காலுக்கு இங்கிருந்து பட்டா, கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போகிறாயா என்றார். அப்புறம் அந்தக் கேள்வி. சொந்த ஊர்? நான் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன பிறகு, 'நிலையான விலாசம் இல்லாத ஸ்திரீ' என்று எழுதிக்கொண்டார். திருட்டுக் கேஸில் எழுதுகிற மாதிரி இருந்தது.

வண்டி நகர்ந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து பிரான்ஸ் வருகிறதா என்று பார்த்தேன். வயல் வந்தது. அறுத்த தாளோடு கிடக்கும் அதே வயல். அதே கொக்கு, அதே வரப்பு. இந்தக் கொக்கு எந்த சர்க்காரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு பறக்கிறது என்று அந்த அதிகாரியைக் கேட்டிருக்கலாம். கோபத்தில் நல்ல கேள்வி எப்போதும் பிந்தித்தான் வருகிறது.

காரைக்காலில் இறங்கி ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தேன். போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி. தெருமுனைப் பலகையில் பிரெஞ்சு. மற்றபடி திருவாரூருக்கும் இதற்கும் வித்தியாசம் தேடித்தான் பிடிக்க வேண்டும். பக்கத்து பெஞ்சில் வயதான சொல்தாக்கள் இருவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை அங்கே அப்படிச் சொல்கிறார்கள். பிரெஞ்சில் மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஏதோ ராஜாங்க விஷயம் என்று நினைத்துப் பரிமாறுகிறவரிடம் விசாரித்தேன். முழங்கால் வலிக்கு எந்த எண்ணெய் நல்லது என்று பேசுகிறார்களாம்.

சத்திரத்தில், தனியாக வரும் பெண்களுக்கு அறை இல்லை என்றார் காரியஸ்தர். அவர் முதுகுக்குப் பின்னால் மூன்று அறைகள் கதவு திறந்து காலியாகக் கிடந்தன. எல்லைக்கு அந்தப் பக்கம் அரிசியைச் சந்தேகப்பட்டார்கள், இந்தப் பக்கம் என்னை. எரிச்சலோடு ஒரு குதிரை வண்டி பிடித்து மெஷினையும் பெட்டியையும் ஏற்றி, நேராக மரைக்காயர் வீட்டுக்கு விடச் சொன்னேன்.

அது கல்யாண வீடு. வாசலில் பந்தல்கால் நட்டிருந்தது. உள்ளே பெண்கள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். மரைக்காயரின் மனைவி செய்னம்பு, உயரமான பெண்மணி, முழங்கைவரை மாவாக எழுந்து வந்தார். யார் என்ன என்று கேட்பதற்கு முன்னாலேயே, பசியாறிட்டீங்களா என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வந்தன. காலையிலிருந்து மூன்று பேரிடம் சண்டை போட்ட வயிறு அது, வெட்கப்படாமல் சாப்பிட்டேன்.

கையைக் கழுவிக்கொண்டு பொட்டலத்தை நீட்டினேன். உங்கள் வீட்டுக்காரர் கொடுத்தனுப்பினார் என்றேன். அந்த அம்மாளின் முகம் மலர்ந்ததை இப்போதும் மறக்க முடியவில்லை. சைகோனிலிருந்து யார் வந்தது, கப்பல் எப்போது வந்தது என்று அடுக்கிக்கொண்டே போனார். சண்டை நடக்கிற ஊர், இரண்டு வருஷமாகத் தகவலே இல்லை, உயிரோடிருக்கிறாரா என்றுகூடத் தெரியவில்லை என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"சைகோனா? கும்பகோணத்துலதானே குடுத்தார். போன செவ்வாய்க்கிழமை" என்றேன்.

பூண்டு உரித்த கைகளெல்லாம் நின்றன.

அதன் பிறகுதான் விஷயம் எனக்கு விளங்கிற்று. அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. சபர் போனவர் திரும்பினால், அவர் கொண்டுவந்த பெட்டிகளை நடுக்கூடத்தில் வைத்துப் பிரிப்பார்கள். தெருப் பெண்களெல்லாம் கூடிவிடுவார்கள். யார் யாருக்கு என்ன வந்தது என்பதை ஒரு வருஷத்துக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். மனிதர் இளைத்து வந்தாரா, இருமிக்கொண்டு வந்தாரா என்பது பிற்பாடு. சண்டையில் கடை போய், பெட்டி இல்லாமல் கரை இறங்கிய மரைக்காயர், தெருவுக்குள் நுழைய வெட்கப்பட்டு ஊர் ஊராகப் பொத்தான் விற்றுக்கொண்டிருக்கிறார். பதினைந்து வருஷத்துக்கு முன் கப்பல் ஏறியவர், அதில் கடைசி இரண்டு வருஷமாகப் பக்கத்து ஜில்லாவில்தான் இருந்திருக்கிறார்.

இதுவே கோபப்படப் போதும். ஆனால் அடுத்தது அதைவிடப் பெரிது. மைமூனின் நிக்காஹ் வெள்ளிக்கிழமை காலை. பெண்ணைக் கொடுக்க வலி என்று ஒரு பொறுப்பாளி வேண்டும், அது தகப்பன். தகப்பன் இரண்டு நாள் நடைதூரத்துக்கு அப்பால் இருந்தால் நிக்காஹ் நடத்திவைக்கிற காஜியாரே அந்த இடத்தில் நிற்கலாம். அதற்குள் இருந்தால் தகப்பனைக் கேட்காமல் செய்யக் கூடாது. அதுதான் அவர்கள் சட்டம். சைகோன் என்றால் கேள்வியே இல்லை, காஜியார் நிற்பதாக ஒப்புக்கொண்டிருந்தார். கும்பகோணம், திடமான கால் உள்ளவனுக்கு இரண்டு நாளுக்குள் அடங்கிவிடும்.

ஒரு பட்டுத்துணியைக் கொடுக்க வந்தவள் ஒரு கல்யாணத்தையே நிறுத்திவிட்டேன். வண்டியைத் திருப்பச் சொல்லிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. செய்னம்பு விடவில்லை. நீங்க வந்து சொல்லாட்டி நாங்க தப்பால்ல செஞ்சிருப்போம் என்றார். கொல்லைப்பக்க அறையில் மெஷினை வைக்கச் சொன்னார். தைக்க வேண்டிய துணி குவிந்துகிடந்தது. நிற்கிற கல்யாணமோ நடக்கிற கல்யாணமோ, சட்டை தைத்தாக வேண்டுமே.

அன்று மாலை மைமூனுக்கு அளவெடுத்தேன். பத்தொன்பது வயசுப் பெண். அழுவாள் என்று பார்த்தேன். அவள் என் தகரப் பெட்டியைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டாள். இரண்டு சேலை, ஒரு போர்வை, சோப்பு, கத்தரிக்கோல், ஊறுகாய் ஜாடி. இவ்வளவுதானா என்றாள். இவ்வளவு போதுமா என்று மறுபடியும் கேட்டாள். ஏழெட்டு வருஷமாகப் போதுகிறது என்றேன். மாப்பிள்ளைக்கும் சைகோனில்தான் கடையாம். கல்யாணம் முடிந்து நாற்பதாம் நாள் புதுச்சேரியில் கப்பல் ஏறுகிறாராம். அவள் ஒவ்வொரு சாமானையும் வெளியில் எடுத்துப் பார்த்து, இருந்த மாதிரியே திரும்ப அடுக்கினாள்.

செவ்வாய்க்கிழமை காலை காஜியார் வந்தார். வெண்தாடி, மெதுவான பேச்சு, நல்ல மனிதர். மாப்பிள்ளையின் பெரிய வாப்பாவும், அதாவது பெரியப்பாவும், கூட வந்திருந்தார். அவரைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூடத்தில் ஒரு திரை. அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் நாங்கள். மரைக்காயரை எங்கே, எப்போது பார்த்தேன் என்று காஜியார் கேட்டார். சொன்னேன். ஒரு வார்த்தைகூடச் சந்தேகப்படாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

அப்புறம் யோசித்துவிட்டு நானே இன்னொன்றும் சொன்னேன். அவர் ஓரிடத்தில் தங்குகிற ஆள் இல்லை, எனக்கே தெரியும், இன்றைக்கு அவர் மதுரையில் இருக்கிறாரோ ராமேஸ்வரத்தில் இருக்கிறாரோ, இரண்டு நாள் நடையைத் தாண்டியே இருக்கலாம் என்றேன். உடனே பெரிய வாப்பா தொண்டையைக் கனைத்தார். வேற்று மதத்து ஒற்றைப் பெண்பிள்ளையின் பேச்சு இதற்கெல்லாம் சாட்சி ஆகாது என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணத்தை நிறுத்துகிறபோது என் ஒரு வாய் போதுமாக இருந்தது. நடத்தலாம் என்கிறபோது அதே வாய் போதவில்லை. இதைத் திரையை விலக்கிக்கொண்டு போய்க் கேட்டுவிடுவேனோ என்று பயந்து பக்கத்திலிருந்த அம்மாள் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். காஜியார் சங்கடத்தோடு, சாட்சியோ இல்லையோ, என் மனசுக்குத் தெரிந்துவிட்டதே, தெரியாத மாதிரி நான் எப்படி நிற்பேன் என்றார். அதில் நியாயம் இருந்தது. எனக்குத்தான் அது பிடிக்கவில்லை.

அப்போது செய்னம்பு பேசினார். குரல் உயரவில்லை.

"ஹஜரத், ரெண்டு நாள் நடைன்னு சொல்றீங்க. அந்த ரெண்டு நாள் நடையைத்தான் மச்சான் ரெண்டு வருஷமா நடந்துக்கிட்டிருக்காங்க. இன்னும் வந்து சேரல. அப்ப அது என்ன தூரம்னு நீங்களே அளந்து சொல்லுங்க."

காக்கை ஒன்று பந்தலில் உட்கார்ந்து கத்திவிட்டுப் போயிற்று. பிறகு காஜியார் தீர்ப்புச் சொல்கிற தோரணை எதுவும் இல்லாமல் சொன்னார்: ஆள் அனுப்புங்கள். வந்தால் நல்லது. வராவிட்டாலும் சம்மதத்தையாவது வாங்கி வாருங்கள். இரண்டும் இல்லை என்றால், இருந்தும் மறுத்த தகப்பனாகத்தான் அவரை வைத்துக்கொள்ள வேண்டும், அப்போது நான் நிற்கிறேன். பெரிய வாப்பா மறுபடி கனைத்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

செய்னம்புவின் தம்பி அமீது, நெரவியில் நெல் மண்டியில் இருக்கிறவர், போவதற்குத் தயாரானார். மச்சானைப் பார்த்துப் பதினைந்து வருஷம், எனக்கு அடையாளம் தெரியுமோ என்னமோ என்று தயங்கினார். நான் வருகிறேன் என்றேன். என் வாயால் வந்த வினை. அதோடு, அந்த மனிதரை நாலு கேள்வி கேட்காமல் எனக்குத் தூக்கம் வராது.

புதன்கிழமை பயணம் பஸ்ஸில். ஆற்றுப் பாலம்வரை குதிரை வண்டி. பாலத்துக்கு இந்தப் பக்கம் பிரான்ஸ், அந்தப் பக்கம் இந்தியா. நடந்து தாண்டி அந்தக் கரையில் பஸ் ஏற வேண்டும். அங்கேயும் ஒரு சாவடி, அங்கேயும் அதே கேள்வி, அதே ஏற இறங்கப் பார்வை. அமீதை ஒன்றும் கேட்கவில்லை. மாயவரத்துக்கு முன்னால் பஸ் டயர் வெடித்தது. ஆண்களெல்லாம் இறங்கி மரநிழலில் நின்று டிரைவருக்கு யோசனை சொன்னார்கள். முன்சீட்டுப் பெண்கள் இருவர், நான் யார் என்று எனக்குக் கேட்கும்படியாகவே ஆராய்ந்தார்கள். கூட வருகிறவர் புருஷன் இல்லை, சாயபு மாதிரி இருக்கிறது, காலம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினார்கள். கண்டக்டர் வந்து, டயரைத் தூக்க ஒரு கை குறைகிறது என்றபோது நான்தான் இறங்கிப் போய்ப் பிடித்தேன். காலம் கெட்டதற்கு அதையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

மரைக்காயர் கும்பகோணத்திலேயே இருந்தார். கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடை வாசலோரம் துணி விரித்து, பொத்தான்களை நிறம்நிறமாகக் குவித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். என் பின்னால் நின்ற அமீதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. எழுந்திருக்கவில்லை. கையில் இருந்த பொத்தான்களைத் திரும்பத் திரும்ப எண்ணுவதுபோல உருட்டிக்கொண்டே இருந்தார்.

வருகிற வழியெல்லாம் மனசில் கோர்த்துவைத்திருந்ததைக் கொட்டினேன். கடைத்தெரு வேடிக்கை பார்த்தது. அவர் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. மகளுக்குக் கல்யாணம் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. காரைக்காலிலிருந்து வந்த ஒரு லுங்கி வியாபாரி சொன்னாராம். அதற்குத்தான் பட்டு. அமீது மட்டும் மெதுவாக, வாங்க மச்சான், வீட்டுக்குப் போவோம் என்று ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார். இருட்டுவதற்குள் மரைக்காயர் மூட்டையைக் கட்டினார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மூவரும் ஏறினோம். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

பாலத்துச் சாவடியில் அதிகாரி கேட்டார், சொந்த ஊர் எது என்று. மரைக்காயர் ஒரு நொடிகூட யோசிக்காமல் காரைக்கால் என்றார். போங்க பாய் என்று கையை ஆட்டிவிட்டார் அதிகாரி. மூட்டையைப் பிரிக்கக்கூட இல்லை. எனக்கு மட்டும் கால் மணி நேரம் விசாரணை. நான் முடித்துக்கொண்டு பாலத்தின் நடுவுக்கு வந்தபோது அமீது தனியாக நின்றுகொண்டிருந்தார். மரைக்காயர் பாலத்தில் காலே வைக்கவில்லை. இந்தியக் கரையிலேயே மூட்டையை இறக்கிவைத்துவிட்டு நின்றார்.

திரும்பி அவரிடம் போனேன். என்ன ஆயிற்று என்றேன்.

"பெட்டி இல்லாம எப்படிம்மா தெருவுல நுழையிறது? கல்யாண வீடு. ஊரே உக்காந்திருக்கும்."

"நானும் ஊர் சுத்துறவதான் மரைக்காயரே. ஆனா நான் யாரையும் வாசல்ல நிக்க வச்சிட்டு வரல."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு ஏன்னு கேக்க ஆளில்ல டீச்சரம்மா. எனக்கு ஒரு தெருவே இருக்கு" என்றார்.

அது மெய்தான். ஆனால் எனக்குக் கோபம் குறையவில்லை. தெருவுக்குப் பயந்தவர் ஒருத்தியைப் பற்றி நினைத்தாரா? அந்தப் பாலம் ஒரு கூப்பிடு தூரம். அங்கிருந்து கத்தினால் எதிர்க்கரையில் குதிரைக்காரன் திரும்பிப் பார்ப்பான். சைகோன் துறைமுகத்தைப் பற்றி என்னிடம் கதை கதையாய்ச் சொன்ன மனிதருக்கு அதைக் கடக்க முடியவில்லை.

அமீது கெஞ்சவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கிய வேறொரு லுங்கி வியாபாரியையும், வலை சுமந்துவந்த ஒரு முஸ்லிம் கிழவரையும் அழைத்துவந்து பக்கத்தில் நிறுத்தினார். அவர்கள் முன்னால் மரைக்காயர், என் மகள் மைமூனை நிக்காஹ் செய்து கொடுக்க மச்சான் அமீதை என் இடத்தில் நிற்கும் வக்கீலாக வைக்கிறேன் என்று சொன்னார். நான் ஒரு எட்டு தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டேன். என்னைச் சாட்சியாக யாரும் கேட்கவில்லை. சொல்லி முடித்ததும் அவர் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, அதே பஸ் திரும்பிப் போவதற்குள் ஏறிவிட்டார்.

வீட்டு வாசலில் செய்னம்பு நின்றிருந்தார். எங்கள் பின்னால் பார்த்தார். அப்புறம் தம்பியைப் பார்த்தார்.

"எதுவரைக்கும் வந்தாங்க?"

"பாலம் வரைக்கும் லாத்தா. சம்மதம் சொல்லிட்டாங்க."

சரி என்றார். உள்ளே போய், நெய்ச்சோற்றுக்கு ஊறவைத்த அரிசியை வடித்தார். அமீது, மைமூன், நான் மூவரும் சாப்பிட உட்கார்ந்தபோது நாலு தட்டு வந்தது. ஒரு தட்டை அவரே எடுத்துக்கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டு வந்தார். மீன் ஆணம், நம் குழம்புதான், ருசியாக இருந்தது என்பது நினைவிருக்கிறது. என்ன மீன் என்பது நினைவில்லை. பெட்டி பிரிக்கும் வழக்கத்தை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் மட்டும் அப்போது என் எதிரில் இருந்திருக்க வேண்டும்.

கடைசியில் சொல்ல வேண்டியதைக் கடைசியில் சொல்வதற்காக, நான் திரும்பிய கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். ரயிலில் அதே அதிகாரி மெஷினையும் சீட்டையும் வைத்துக் கீறல்களை ஒப்பிட்டார். கல்யாண அவசரத்தில் புதிதாக ஒரு கீறல் விழுந்திருந்தது. ஆகவே இது வேறு மெஷின் என்றார். பேரளம்வரை சண்டை போட்டேன். தீர்வை கட்டவில்லை. அங்கே மேலதிகாரி வந்து போகவிடச் சொன்னார்; என் தொண்டைதான் அவருக்குப் பயம் காட்டியிருக்க வேண்டும்.

இனி வெள்ளிக்கிழமை. தலத்தெரு, நெரவி ஊர்களிலிருந்து உறவுகள் வந்து பந்தல் நிறைந்திருந்தது. நிக்காஹுக்கு முன்னால் பெண்ணிடம் சம்மதம் கேட்கும் சடங்கு. அமீது இரண்டு சாட்சிகளோடு அறை வாசலில் திரைக்கு அப்பால் வந்து நின்று, மாப்பிள்ளையின் பெயரையும் அவர் பெண்ணுக்குக் கொடுக்கும் மஹர்ப் பணத்தையும் சொல்லி, சம்மதமா மைமூன் என்று கேட்டார். இதற்குப் பெண் பேச வேண்டியதில்லை. கன்னிப்பெண் பேசாமல் இருந்தாலே சம்மதம். மூன்று தரம் கேட்பார்கள், அவள் தலையைக் குனிந்துகொள்வாள், உள்ளே இருக்கும் பெண்கள் அவள் சார்பில் சம்மதம் என்று சொல்லிவிட்டு அடுப்பில் வேகும் வட்டலாப்ப இனிப்பைப் பார்க்கப் போவார்கள்.

நான் அவள் பக்கத்தில், அவள் தோளில் அவிழ்ந்த லேஸை ஊசியால் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் அப்பாவின் மூட்டையிலிருந்து நான் எப்போதோ வாங்கிய லேஸ் அது. முதல் தரம் கேட்டார் அமீது. பேசவில்லை. இரண்டாம் தரமும் பேசவில்லை. பெண்கள் எழுந்திருக்க ஆரம்பித்தார்கள். மூன்றாம் தரம் கேட்டு முடிப்பதற்குள் மைமூன் பேசினாள்.

"சபருக்கு என்னையும் கூட்டிட்டுப் போறதா இருந்தா சம்மதம் மாமா."

ஊசி என் விரலில் ஏறிவிட்டது. யாரோ அல்லா என்றார்கள். திரைக்கு அப்பால் அமீது, சரியாகக் காதில் விழவில்லை என்பதுபோல நின்றார். அவள் மறுபடியும் அதே வார்த்தைகளை அதே வரிசையில் சொன்னாள். பேசாமல் இருந்தால் போதும் என்று வைத்திருக்கிற ஒரு சடங்கில், பேசினால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. பெரியவர்கள் செய்னம்புவைப் பார்த்தார்கள். அவர் மகளை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களில் நானும் ஒருத்தி.

"கேட்டுச்சுல்ல? போய்ச் சொல்லு தம்பி" என்றார்.

அமீது போனார். பந்தலில் சத்தம் கிளம்பிற்று. பெரிய வாப்பாவின் கனைப்பு எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. இப்படி ஒரு பெண் கேட்டதில்லை, இது நம் தெருவில் வழக்கம் இல்லை என்று யார் யாரோ சொன்னார்கள். காஜியாரின் குரல் மட்டும் நிதானமாக, கேட்க அவளுக்கு உரிமை உண்டு, பதில் மாப்பிள்ளைதான் சொல்ல வேண்டும் என்றது. மைமூனின் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. நகம் பதிந்தது. நான் வாய் திறக்கவில்லை. அந்த வாரத்தில் நான் வாய் திறக்காதிருந்தது அப்போது மட்டும்தான்.

அமீது திரும்பி வந்தார். முகத்தில் பாதிச் சிரிப்பு, பாதிப் பயம்.

"மாப்ள சரிங்கறாரு லாத்தா. ஆனா ஒண்ணு கேக்கச் சொன்னாரு. கப்பல் ரொம்ப ஆடுமாம். பொண்ணு தாங்குமான்னு."

செய்னம்பு முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"இந்த வீடு ஆடாத ஆட்டத்தையா கப்பல் ஆடப்போவுது? அவ தாங்குவான்னு போய்ச் சொல்லு."